தீயூழா, அநீதியா? – பூமியதிர்ச்சி மரணங்கள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதருக்கு நேரும் துன்பங்களை இரு வகையாகப் பிரித்து நோக்குவது பொதுவழக்கு. கொலை, சுரண்டல், அடக்குமுறை ஆகியவற்றால் விளையும் துன்பம் ஒரு வகை. அதற்குக் காரணராயோர் உளர், அவர்மீது குற்றஞ் சுமத்தலாம், நீதி கோரலாம். புயல், வரட்சி, பூமியதிர்ச்சி ஆகியவற்றால் விளையும் துன்பம் மற்றொரு வகை. அங்கு குற்றவாளி எவருமிலர். இரங்குவதும் உதவுவதுமன்றி வேறு செய்தற்கில்லை என்று கொள்ளப்படுகிறது. முன்னையது அநீதி எனவும் பின்னையது தீயூழ் எனவும் வழங்கப்படும். இப்பாகுபாடு எத்துணை ஏற்புடையது என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். 2010ஆம் ஆண்டில் ஒன்பது மாதங்களுக்குள் நிகழ்ந்த மூன்று பூமியதிர்ச்சிகள் இவ்வினாவை மீண்டும் கூர்மையாக எழுப்பின.

அவ்வாண்டு சனவரி 12ஆம் திகதி மாலை, கரிபியன் தீவு நாடுகளுள் ஒன்றான ஹெயிற்றியில் 7.0 அளவான பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. தலைநகரான போட்-ஓ-பிறின்ஸ் பெரும்பகுதி சிதைந்தது. இறந்தோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. குறைந்த மதிப்பீடுகள் ஓர் இலட்சத்துக்கும் உட்பட்டன. அந்நாட்டு அரசு கூறிய தொகை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டது. பெப்ரவரி 27ஆம் திகதி அதிகாலை சிலி நாட்டுக் கரையோரத்தில் 8.8 அளவான அதிர்ச்சி ஏற்பட்டது. அதனையடுத்து வந்த ஆழிப்பேரலையாற் கொல்லப்பட்டோரையும் சேர்த்து இறந்தோர் ஏறத்தாழ ஐந்நூற்றுவர். செப்டெம்பர் 4ஆம் திகதி அதிகாலை நியூசிலாந்தின் கன்ரபரிப் பிரதேசத்தில் 7.1 அளவான அதிர்ச்சி நிகழ்ந்தது. கட்டடங்கள் பல சேதமுற்றன; ஆயினும் அவற்றின் கீழ் அகப்பட்டு ஒருவரேனும் இறந்தாரில்லை.

பூமியதிர்ச்சியின் அளவுத்திட்டத்தில் ஒரு படி உயர்வு, வெளிப்படும் சக்தியில் ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு அதிகரிப்பைக் குறிக்கும். இக்கணக்கின்படி சிலியின் அதிர்ச்சி, ஹெயிற்றியினதைவிட ஐந்நூறு மடங்கு சக்தி வாய்ந்தது. இறந்தோர் தொகையோ மறுதலையாக அமைந்தது. இவ்வேறுபாடு முழுவதையும் மனிதர் கணக்கில் எழுதிவிடுதல் முறையன்று. ஹெயிற்றியில் அதிர்ச்சி ஆழங்குறைந்த இடத்தில், சனநெருக்கம் மிக்க தலைநகரிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் தொலைவில் உண்டாயிற்று. சிலியில் அது பெருநகர்களுக்குச் சேய்மையிற் கடலை அடுத்துத் தோன்றியது. கிறைஸ்ற்சேர்ச் நகருக்கும் கன்ரபரி அதிர்ச்சியின் மையத்துக்கும் இடையே நாற்பது கிலோமீற்றர் இருந்தது. தெருக்கள் வெறிச்சோடியிருந்த வேளையும் அது. ஆழம், தூரம், நேரம் என்பன எவருடைய தெரிவும் அல்ல. இவையனைத்துக்கும் இடங்கொடுத்த பின்னரும் விளக்கப்படாத பெரும்பகுதி ஒன்று எஞ்சுகின்றது. எஞ்சிய அப்பகுதியே அறவியலுக்கு உரியது.

சிலி பூமியதிர்ச்சிகளோடு வாழப் பழகிய நாடு. கருவிகளாற் பதிவுசெய்யப்பட்டவற்றுள் மிகப் பெரிய அதிர்ச்சி, 9.5 அளவினது, 1960இல் அங்கேயே நிகழ்ந்தது. அழிவுகள் ஒவ்வொன்றிலிருந்தும் பெற்ற பாடம் அந்நாட்டின் கட்டடச் சட்டங்களில் இடம்பெற்றது. ஒரு கட்டடத்தின் முதல் உரிமையாளர், அதன் அமைப்புக் குறைபாடுகளுக்குப் பத்தாண்டு காலம் பொறுப்பாளியாவார் என்பதும் அச்சட்டங்களுள் ஒன்று. சிலியும் குற்றமற்றதன்று. 2010இல் கொன்செப்சியோன் நகரில் அண்மையிற் கட்டப்பட்ட பதினைந்து மாடிக் குடியிருப்பொன்று சரிந்து எண்மர் மாண்டனர். ஆழிப்பேரலை பற்றிய எச்சரிக்கை வேளைக்கு முன்னரே மீட்டுக்கொள்ளப்பட்டமையாற் கரையோர மக்கள் பலர் உயிரிழந்தனர். நன்கு ஆயத்தமாயிருந்த நாட்டிலும் இறப்புகளுட் சில, பிழையான கட்டுமானத்துக்கும் பிழையான அறிவித்தலுக்கும் உரியனவாயின.

ஹெயிற்றியின் வரலாறு வேறானது. போட்-ஓ-பிறின்ஸ் நகரம் 1751இலும் 1770இலும் பூமியதிர்ச்சிகளால் அழிந்தது. இரண்டாம் அழிவின் பின்னர், கல்லாற் கட்டுதலைத் தடுத்து மரத்தாற் கட்டுமாறு குடியேற்ற ஆட்சியாளர் பணித்தனர். அதன்பின் வந்த தலைமுறைகள் பல அந்நகரிற் பேரதிர்ச்சி எதனையும் காணவில்லை. அவர்கள் கண்டது ஆண்டுதோறும் வந்த சூறாவளிகளையே. 2008ஆம் ஆண்டில் மாத்திரம் நான்கு சூறாவளிகள் அந்நாட்டைத் தாக்கின. தகரக் கூரையைக் காற்று கொண்டுபோகும். கொங்கிறீற் கூரையைக் கொண்டுபோகாது. எனவே சிறிது பொருள் சேர்த்த குடும்பங்கள், சீமெந்துக் கற்சுவர்மீது பாரமான கொங்கிறீற் தட்டினை அமைத்தன. கட்டடச் சட்டமோ மேற்பார்வையோ அங்கு நடைமுறையில் இருக்கவில்லை. சீமெந்தும் இரும்புக் கம்பியும் விலை மிக்கவையாதலின் இரண்டும் குறைவாகவே இடப்பட்டன. காற்றிலிருந்து காத்த அக்கூரைகளே, 2010இல் நிலம் அசைந்தபோது வீட்டார்மீது வீழ்ந்தன. நகரில் எஞ்சியிருந்த பழைய மரச்சட்ட வீடுகள் பல நின்று பிடித்தமை பின்னர் அவதானிக்கப்பட்டது. அக்குடும்பங்கள் மூடத்தனமாக நடந்தன என்று கூறுதல் பொருந்தாது. தாம் அறிந்த ஆபத்துக்கு எதிராகத் தம் பொருளுக்கு இயன்ற காப்பினை அவர்கள் தேடினர். அறியாத ஆபத்தினை அறிவிக்கும் கடமை பிறருக்கு உரியதாயிருந்தது. தென் ஹெயிற்றியின் நிலப்பிளவுகளிற் பேரதிர்ச்சிக்கு வேண்டிய விசை திரண்டிருப்பதனை 2008இலேயே அறிவியலாளர் எடுத்துரைத்திருந்தனர் என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

இவ்வினா புதியதன்று. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களிற் கூடியிருந்த வேளையில் லிஸ்பன் நகரம் அழிந்தது. இறைவன் படைத்த உலகு எல்லா வகையிலும் நலமானதே என்ற கொள்கையை வோல்ரேயர் தமது கவிதையிற் கடுமையாகத் தாக்கினார். அடுத்த ஆண்டில் அவருக்கு எழுதிய மடலில் ரூசோ வேறொரு வழியிற் சென்றார். ஆறேழு மாடி கொண்ட வீடுகள் ஆயிரக்கணக்கானவற்றை ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்பது அவர் வாதம். கான்ற் அதே 1756இல் எழுதிய கட்டுரைகளில் அதிர்ச்சிக்கு இயற்கைக் காரணங்களைத் தேட முயன்றார். அவர் கண்ட காரணம் பிழையாயினும், தேடிய திசை சரியானது. இம்மூவரினதும் எழுத்துகளால், கடவுளை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி படிப்படியாக மனிதரை நோக்கித் திரும்பலாயிற்று.

ஆயினும் பழைய விளக்கம் எளிதில் மறைந்துவிடவில்லை. 1934 சனவரியில் பீகாரிற் பேரதிர்ச்சி நிகழ்ந்தபோது, தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை அது எனக் காந்தியடிகள் கூறினார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவரோடு ஒன்றுபட்ட தாகூர், இக்கூற்றினை வெளிப்படையாக மறுத்தார். பௌதிக நிகழ்ச்சிகளுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டு என்றும், அறநெறியையும் அண்டத்தின் இயக்கத்தையும் இவ்வாறு இணைப்பது பகுத்தறிவின்மைக்கு வலுவூட்டும் என்றும் அவர் கருதினார். தண்டனை என்ற விளக்கத்தின் குறைபாடு அறிவியல் சார்ந்தது மட்டுமன்று. வீழ்ந்த சுவரின் கீழ் மாண்ட தீண்டப்படாதோனும் அவ்விளக்கத்தின்படி தண்டிக்கப்பட்டவனாகின்றான். இறந்தோர்மீதே பழியைச் சுமத்தும் இவ்விளக்கம், உண்மையிற் பொறுப்புடையோரைத் தப்பவிடுகின்றது.

தமிழ் மரபில் ஊழ் பற்றிய சிந்தனை ஆழமானது. திருக்குறள் அறத்துப்பாலின் இறுதியில் ஊழின் வலிமையைப் பேசும் வள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்குத் தனியதிகாரம் வகுத்துள்ளார். இரண்டினையும் ஒருங்கே வைத்து நோக்கின், ஊழ் என்பது முயற்சியைக் கைவிடுவதற்கான அனுமதி ஆகாமை தெளிவாகும். முயன்ற பின்னரும் கைமீறிப் போவதற்கே ஊழ் என்னும் பெயர் பொருந்தும். முயலாது விட்டதற்கு அப்பெயரை இடுதல், சொல்லைத் தவறாகப் பயன்படுத்துதலாகும்.

ஜூடித் ஷ்க்லார் என்ற அரசியற் சிந்தனையாளர் 1990இல் வெளியிட்ட நூலில் தீயூழுக்கும் அநீதிக்கும் இடைப்பட்ட எல்லையை விரிவாக ஆராய்ந்தார். அநீதி இழைப்பவனைப் போன்றே, அதனைத் தடுக்கும் நிலையிலிருந்தும் வாளாவிருப்பவனும் அநீதிக்கு உடந்தையாகின்றான் என்பது அவரது கருத்துகளுள் முதன்மையானது. இதனைப் பூமியதிர்ச்சிக்குப் பொருத்தி நோக்குமிடத்து மூன்று நிபந்தனைகளை வகுத்துக்கொள்ளலாம். ஆபத்து அறியப்பட்டதாய் இருத்தல் வேண்டும். அதனைத் தடுக்கும் வழி கைக்கெட்டியதாய் இருத்தல் வேண்டும். அவ்வழியை மேற்கொள்ளும் கடமை ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரியதாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தியும் நிகழும் மரணம் அநீதியாகும். அறிவு வளருந்தோறும் முதல் நிபந்தனை நிறைவேறுகின்றது. ஆதலின் 1755இல் தீயூழாக இருந்தது இன்றும் தீயூழாகவே இருக்க வேண்டுமென்பதில்லை.

இதற்கு எதிராகக் கூறத்தக்கவை சில உள. முதலாவது, தற்செயலின் பங்கு. கன்ரபரியில் உயிரிழப்பு நேராமைக்குச் சட்டங்களே காரணம் எனப் பெருமை கொண்டிருக்கலாம். ஆறு மாதம் கழியுமுன்னர், 2011 பெப்ரவரி 22ஆம் திகதி நண்பகல் வேளையில், அளவிற் சிறிய அதிர்ச்சியொன்று கிறைஸ்ற்சேர்ச் நகருக்கு மிக அண்மையில் நிகழ்ந்து 185 பேரைப் பலிகொண்டது. தற்செயலின் வலிமையை மறுத்தல் இயலாது என்பது இதனாற் புலனாகும். ஆனால் அவ்விறந்தோருள் 115 பேர் ஒரே கட்டடத்தில் மாண்டனர். அதன் வடிவமைப்புக் குறைபாடுடையது என்றும், அதற்கு அனுமதி வழங்கியிருத்தலாகாது என்றும் விசாரணை ஆணைக்குழு பின்னர் முடிவு செய்தது. அதிர்ச்சி எங்கு, எப்போது வரும் என்பதைத் தற்செயல் தீர்மானித்தது. அக்கட்டடம் எவ்வாறு நிற்கும் என்பது வரைபடத்திலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, இயலாமை பற்றிய வாதம். இயலாததைச் செய்யுமாறு எவரையும் கடமைப்படுத்தல் முறையன்று என்பது அறவியலின் அடிப்படை. வறிய ஹெயிற்றி சிலியைப் போற் கட்டியிருத்தல் இயலுமா எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே; ஆயின் அவ்வறுமை எவ்வாறு வந்தது என்பதும் கேட்கப்பட வேண்டும். அடிமைகளாயிருந்தோர் புரட்சி செய்து 1804இல் நிறுவிய நாடு அது. அதனை அங்கீகரிப்பதற்கு விலையாக, அடிமைகளையும் நிலங்களையும் இழந்த முன்னாள் எசமானர்களுக்கு 150 மில்லியன் பிராங்குகள் இழப்பீடு செலுத்துமாறு 1825இற் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி வற்புறுத்தியது. தொகை பின்னர் குறைக்கப்பட்டதாயினும், அதன் பொருட்டுப் பெற்ற கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. உள்நாட்டுச் சர்வாதிகாரிகளின் கொள்ளையும் இதனோடு சேர்ந்தது. இயலாமையே பிறரால் விளைவிக்கப்பட்டதாயின், அது கடமையை அழித்துவிடாது; கடமைப்பட்டோர் யாவர் என்ற கேள்வியையே விரிவாக்கும்.

மூன்றாவது, பொறுப்பு சிதறிக்கிடத்தல். மணலை மிகுத்துக் கலந்த மேசன், கண்டும் காணாதிருந்த பரிசோதகர், வாடகையை மட்டும் கருதிய உரிமையாளர் ஆகியோருள் எவரும் தனித்து நின்று ஓர் இலட்சம் பேரைக் கொன்றாரில்லை. பலர் சிறுசிறு அளவிற் செய்தது ஒன்றுதிரண்டு பேரழிவாகின்றது. நிக்கலஸ் அம்பிரேசிஸ், ரோஜர் பில்ஹாம் என்னும் ஆய்வாளர் இருவர் 2011 சனவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. முந்திய முப்பதாண்டுகளிற் பூமியதிர்ச்சியாற் கட்டடம் வீழ்ந்து இறந்தோருள் நூற்றுக்கு எண்பத்து மூவர், தத்தம் வருமானத்துக்கு எதிர்பார்க்கத்தக்கதிலும் மிகுதியான ஊழல் நிலவிய நாடுகளில் இறந்தனர் என அவர்கள் கண்டனர். வறுமை மட்டும் காரணமன்று என்பதும், சிதறிக்கிடக்கும் சிறு தவறுகளுக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு என்பதும் இதன் பொருள்.

குற்றவாளியைத் தேடும் ஆர்வமும் எல்லை கடத்தல் கூடும். இத்தாலியின் லாக்குயிலா நகரில் 2009இல் நிகழ்ந்த அதிர்ச்சியில் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மக்களுக்குத் தவறான ஆறுதல் கூறப்பட்டதெனக் குற்றஞ் சாட்டப்பட்ட அறிவியலாளர் அறுவரும் அதிகாரி ஒருவரும் 2012இற் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றனர். 2014இல் அறிவியலாளர் அறுவரும் விடுவிக்கப்பட்டனர்; அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது. அதிர்ச்சி வரும் நாளை முன்கூட்டி அறியும் ஆற்றல் இன்றும் எவருக்கும் இல்லை. இல்லாத அறிவுக்காக ஒருவரைத் தண்டித்தல், உள்ள அறிவைப் பயன்படுத்தாதோரை மறப்பதற்கு ஏதுவாகும்.

பிற்பட்ட உதவி முன்னைய கடமையை ஈடுசெய்யும் என்ற எண்ணமும் பரிசீலனைக்குரியது. 2010 ஒக்டோபரில் ஹெயிற்றியில் வாந்திபேதி பரவியது. ஐக்கிய நாடுகள் அமைதிப்படையினரின் முகாமிலிருந்து ஆற்றிற் கலந்த கழிவினால் அந்நோய் அங்கு நுழைந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். தனது பங்கினை அந்நிறுவனம் ஒப்புக்கொள்வதற்கு 2016 வரை காலஞ் சென்றது. உதவுவோரும் பொறுப்புக் கூறக் கடமைப்பட்டவர்களே என்பதற்கு இது சான்றாகும்.

இலங்கை வாசகருக்கு இவ்வினா சேய்மையிலுள்ளதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவை அடுத்து நிகழ்ந்த அதிர்ச்சியின் அலைகள் இத்தீவின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் சென்றது. பசிபிக் சமுத்திரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக எச்சரிக்கை நிலையம் இயங்கியது. இந்து சமுத்திரத்தில் அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. அலையைத் தடுத்தல் எவராலும் இயன்றிராது. அவ்விரண்டு மணிநேரம் எவருக்கும் பயன்படாது கழிந்தமை அலையின் செயலன்று.

ஆகவே தீயூழ், அநீதி என்ற பாகுபாடு பொய்யானதன்று. அவற்றுக்கிடையிலான எல்லை நிலையானது என்ற எண்ணமே பொய்யானது. ஒரே பூமியதிர்ச்சியில் இறந்தோருட் சிலர் எத்தகைய ஆயத்தத்தாலும் காக்கப்பட முடியாதோர். பலர் அறியப்பட்ட வழிகளாற் காக்கப்பட்டிருக்கக் கூடியோர். இவ்விரு திறத்தாரையும் பிரித்தறியாது அனைவருக்கும் பொதுவாக இரங்கல் தெரிவிப்பது, பின்னவர்க்கு உரிய நீதியை மறுப்பதாகும். எந்த மதில் எதனால் வீழ்ந்தது, யார் அதனை அறிந்திருந்தனர், அறிந்தும் ஏன் செய்யாது விட்டனர் என்னும் விசாரணை, அடக்கத்துக்குப் பின்னரும் தொடர்தல் வேண்டும். நிலவியலும் பொறியியலும் சட்டமும் பயிலும் இடங்களில் இவ்வறிவு சேர்ந்து கிடக்கின்றது. அதனை மேசனும் வீட்டாரும் விளங்கிக்கொள்ளும் மொழியில் அவர்களிடம் சேர்ப்பது, அங்கு பயில்வோரும் பயிற்றுவோரும் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும்.