தனியார் நிலத்தில் பொதுப்பேச்சு

முகநூல், யூடியூப், டிக்டொக் போன்ற தளங்களை நடத்தும் நிறுவனங்கள் ஒருவருடைய பதிவை அகற்றும்போதும், கூகுளும் ஆப்பிளும் தம் செயலிக் கடைகளிலிருந்து ஒரு செயலியை நீக்கும்போதும் அது தணிக்கை ஆகுமா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: தணிக்கை என்பது அரசு தன் தண்டனை அதிகாரத்தால் பேச்சைத் தடுப்பது, ஒரு கம்பனி தன் சொத்தில் எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது அதன் உரிமை, உடன்படாதவர் வேறு தளத்துக்குப் போகலாம். சட்டத்தின் கண்ணில் இவ்விடை பெரும்பாலும் செல்லுபடியாகும். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பிறரது நிலத்திலேயே பிறந்து, உழைத்து, இறந்த ஒரு சமூகத்தின் அனுபவத்தை அருகில் வைத்துப் பார்த்தால், இவ்விடை எதை மறைக்கிறது என்பது புலப்படும். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் மலையகத் தமிழர் அத்தகைய சமூகத்தினர்.

முதலில் சட்டத்தின் நிலையைக் குறிப்பிட வேண்டும். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு 14(1)(அ) உறுப்புரையில் ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுரிமையையும் கருத்து வெளியிடும் உரிமையையும் வழங்குகிறது. ஆனால் அவ்வுரிமை மீறப்பட்டால் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு 17 ஆம், 126 ஆம் உறுப்புரைகள் திறந்துவைக்கும் வழி, ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறை நடவடிக்கையால் நேர்ந்த மீறலுக்கு மட்டுமே உரியது. பொலிஸ் அதிகாரி ஒருவர் துண்டுப் பிரசுரத்தைப் பறித்தால் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்யலாம்; அதே வாசகத்தை ஒரு கம்பனி அழித்தால் அடிப்படை உரிமை மனுவுக்கு இடமில்லை.

இந்தக் கோட்டின் மறுபக்கத்தில் வாழ்வது எத்தகையது என்பதைத் தோட்டத்து மக்கள் இணையம் தோன்றுவதற்கு மிக முன்பே அறிந்திருந்தனர். தோட்டத்துப் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். லயம் எனப்படும் வரிசை வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கு குடியிருப்பவரைப் பார்க்க வருபவர் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதியின்றி வந்தால் அத்துமீறி நுழைந்தவர் ஆவார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய இதழ்களை நடத்திய கோ. நடேசையர், தொழிலாளரின் நிலையை நேரில் அறியத் துணி வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் சென்றார் என்பது மலையக வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. அவருடைய பேச்சை எந்த அரசாணையும் அப்போது தடுத்திருக்கவில்லை; பேச்சைக் கேட்க வேண்டியவர்களிடம் செல்லும் வழி மட்டுமே தனியார் கையில் இருந்தது. துரைக்குப் பிடிக்காததைப் பேசிய தொழிலாளிக்கும் சிறைத்தண்டனை தேவைப்படவில்லை. பத்துச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து நீக்கியதற்கான சீட்டு, கையில் கொடுக்கப்பட்டால் வேலையோடு வீடும், வீட்டோடு அயலும் உறவும் ஒரே நாளில் போயின. அவர் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று சொல்வது, பல ஆண்டுகளாகச் சேர்த்த நட்பும் படங்களும் வாடிக்கையாளரும் ஒரு கணக்கோடு அழிந்த ஒருவரிடம் வேறு தளத்துக்குப் போகலாம் என்று சொல்வதற்கு ஒப்பானது.

கடிதத்தின் கதை இதைவிட நுட்பமானது. லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கமோ தெருப்பெயரோ இல்லாததால், தோட்டத்தவருக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்து, அங்கிருந்து காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திலோ, யாராவது ஒருவர் கையிலோ போய்ச் சேரும் வழக்கம் நீண்டகாலம் நிலவியது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தேர்வு நாள் கழிந்த பின் கிடைத்தது என்பது தோட்டத்து இளைஞரிடம் பல காலமாகக் கேட்கும் முறைப்பாடு. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. காவத்தையிலோ எட்டியாந்தோட்டையிலோ ஓர் அலுவலகம் ஒரு தொழிலாளிக்கு வந்த தொழிற்சங்கக் கடிதத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்தது என்று கொள்வோம். அச்செயல் 1974 இல் வெறும் சொத்துரிமையாகவும், 1975 க்குப் பின் தணிக்கையாகவும், 1992 க்குப் பின் மீண்டும் சொத்துரிமையாகவும் இருந்தது என்று எவரும் மனமறிந்து சொல்ல முடியுமா? அதே மேசை, அதே தபால் பை, அதே மனிதருக்குக் கிடைக்காத அதே கடிதம். உரிமையாளர் யார் என்பது வழக்கை எந்த மன்றத்தில் தொடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கலாம். செய்த செயல் என்ன என்பதை அது தீர்மானிக்காது.

இதே சிக்கல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் 1946 இல் வந்தது. அலபாமா மாநிலத்தின் சிக்கசோ, கப்பல் கட்டும் கம்பனியொன்றுக்கு முழுவதும் சொந்தமான ஊர். அங்கு யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்த கிரேஸ் மார்ஷ் நடைபாதையில் நின்று சமயப் பிரசுரம் வழங்கியதற்காக அத்துமீறல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டார். ஊரின் உடைமையாளர் கம்பனியே என்றாலும், மக்கள் வாழவும் நடமாடவும் திறந்துவிட்ட இடத்தில் அவர்களின் பேச்சுரிமை சொத்துரிமையால் அழிந்துவிடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த தீர்ப்புகள் இதன் எல்லையைக் குறுக்கின. யூடியூப் நிறுவனம் அரசுக்கு நிகரானது அல்ல என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2020 இல் கூறியது. ஆயினும் மார்ஷ் வழக்கின் உட்கருத்து தோட்டத்தை அறிந்தவருக்கு எளிதில் விளங்கும்.

சமய வரலாறும் தணிக்கையை அரசுக்கு மட்டும் உரியதாகக் காட்டவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1559 முதல் 1966 வரை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலைப் பேணியது. அரசின் கைவிலங்கு எட்டாத நாடுகளிலும் விசுவாசியின் மனச்சாட்சியை அப்பட்டியல் கட்டியது. தமிழ் மரபில் இன்னும் நெருக்கமான சான்று உண்டு. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்தன என்றும், பாடிய மூவரும் வந்தாலன்றித் திறக்க இயலாது என்று தீட்சிதர்கள் கூற, மன்னன் மூவர் திருவுருவங்களையே கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறப்பித்தான் என்றும், அதற்குள் ஏடுகளில் பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது என்றும் திருமுறை வரலாறு கூறும். எந்த அரசனும் தேவாரத்தைத் தடைசெய்யவில்லை; காவலாளர் திறவுகோலைத் தரவில்லை, அவ்வளவே. இந்த மரபுக் கதையில் அரசன் தணிக்கை செய்பவனாக அல்லாமல் தணிக்கையை முடித்துவைப்பவனாக வருகிறான் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலிமையான வாதம், தேர்ந்தெடுப்பதும் பேச்சே என்பதாகும். பத்திரிகை ஆசிரியர் ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்புவதையோ, கோயில் பரிபாலன சபை தன் திருவிழா மேடையில் அரசியல் கூட்டத்துக்கு இடமளிக்க மறுப்பதையோ எவரும் தணிக்கை என்பதில்லை. தளங்கள் உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்துவதிலும் இத்தகைய கருத்துரிமை அடங்கியுள்ளது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 1 அன்று நெட்சாய்ஸ் வழக்கில் கூறியது. ஆனால் ஆசிரியர் தம் இதழில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்கிறார். தளங்களோ அவதூறுக்கும் வெறுப்புக்கும் பொறுப்புக் கேட்டால், தாம் தபால்காரரைப் போன்றவர் என்கின்றன. பொறுப்பு வரும்போது தபால்காரராகவும் அதிகாரம் வரும்போது ஆசிரியராகவும் ஒருவரே இருக்க முடியாது.

செயலிகளைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் தெளிவானது, ஏனெனில் முதன்மையான வாசல்கள் இரண்டே. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டொக் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு இடைக்கால உத்தரவிட்டபோது, கூகுளும் ஆப்பிளும் அச்செயலியை நீக்கின. ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. அது நீதிமன்றம் காரணம் கூறிச் செய்தது, நீதிமன்றத்திலேயே எதிர்க்கப்பட்டது. 2024 மார்ச் மாதம் சென்னையைத் தளமாகக் கொண்ட திருமணத் தகவல் நிறுவனமொன்றின் செயலிகளைக் கூகுள் சேவைக் கட்டணத் தகராறில் நீக்கியபோதோ, தகராறின் ஒரு தரப்பே தீர்ப்பாளராகவும் இருந்தது. இந்திய அரசு தலையிட்ட பின்னரே அவை சில நாட்களில் திரும்பின. வலிமையுள்ள கம்பனிக்கு அரசு துணைக்கு வந்தது. இறக்குவானையில் கைப்பேசியில் சிறுதொழில் நடத்தும் ஒருவருக்கு யார் வருவார்?

எனினும் அகற்றுவதெல்லாம் தீது என்று சப்ரகமுவத் தமிழர் சொல்ல முடியாது. 1977 இலும் 1981 இலும் தமிழருக்கு எதிரான வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது வதந்தி வாய்வழி நடந்தது. இன்று அது கைப்பேசியில் பறக்கும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்ட நாட்களில் சிங்கள மொழியில் பரவிய கொலைத் தூண்டல்களைப் பற்றி முன்பே முறையிட்டும் முகநூல் செயற்படாதிருந்தது. அரசு ஒரு வாரத்துக்கு மேல் சமூக ஊடகங்களை முடக்கியது. அந்நிறுவனம் தன் பங்குக்கு 2020 மே மாதத்தில்தான் வருத்தம் தெரிவித்தது. ஜோன் ஸ்டூவர்ட் மில் 1859 இல் வெளியிட்ட நூலில், தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகின்றனர் என்ற கருத்து அச்சில் வரலாம், ஆனால் வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் அதையே சொன்னால் தண்டனைக்குரியது என்று வகுத்த வேறுபாடு இங்கு முழுமையாகப் பொருந்தும். லயத்தின் வாசலில் கூட்டம் நிற்கும்போது தூண்டலை அகற்றுவது கடமை. அதைத் தணிக்கை என்றே அழைத்தாலும் அது நியாயமான தணிக்கை.

ஆகவே தணிக்கையா இல்லையா என்பதோடு வினா முடிவதில்லை. தணிக்கை செய்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே எஞ்சும் வினா. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் ஆபத்தானவை எனக் கருதும் அமைப்புகளின் பட்டியல் 2021 அக்டோபரில் ஊடகமொன்றின் வழியே கசியும்வரை வெளியிடப்படவேயில்லை. விடுதலைப் புலிகள் அமைப்பும் அதில் இருந்தது. புகழ்வதையும் நினைவுகூர்வதையும் ஆராய்வதையும் பிரித்தறியாது பதிவுகள் நீக்கப்பட்டால், எந்த விதி தம்மைத் தாக்கியது என்றே அறியாமல் தமிழர் முறையிட வேண்டியிருந்தது. குர்தியத் தலைவர் ஒருவரின் சிறை நிலைமை பற்றிய பதிவு தொடர்பான முறையீட்டை அதே நிறுவனத்தின் மேற்பார்வைச் சபை 2021 இல் விசாரித்தபோது, அத்தகைய பதிவை அனுமதிக்கும் உள்விதி மூன்று ஆண்டுகளாகத் தொலைந்து கிடந்தது தெரியவந்தது. கறையான் ஏட்டை மட்டும் தின்பதில்லை.

மாற்றுவழி அரசிடம் ஒப்படைப்பதும் அன்று. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவுக்குப் பதிவுகளை அகற்றுமாறு பணிக்கும் அதிகாரத்தை அளித்துள்ளது. அரசு விரலை நீட்ட, கம்பனி அழித்தால், கம்பனி அரசைக் காட்டும், அரசு கம்பனியைக் காட்டும்.

தேவைப்படுவது அடிப்படை உரிமையைத் தனியார் அதிகாரத்துக்கும் நீட்டுவது. தென்னாபிரிக்காவின் 1996 ஆம் ஆண்டு அரசியலமைப்பு 8(2) ஆம் பிரிவில், உரிமையின் தன்மைக்கேற்பத் தனியாரையும் நிறுவனங்களையும் உரிமைச் சாசனத்துக்குக் கட்டுப்படுத்துகிறது. இலங்கையில் புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசுவோர் 126 ஆம் உறுப்புரையை அவ்வாறு விரிக்க வேண்டும். நீக்கப்பட்டவருக்கு நீக்கத்தின் காரணத்தைத் தமிழில் எழுத்தில் தருவதும், தமிழறிந்த மனிதர் ஒருவர் முறையீட்டைக் கேட்பதும் அவ்வுரிமையின் பகுதியாக எழுதப்பட வேண்டும். தனியார் நிலம் என்ற காரணத்தால் தோட்டங்களுக்குப் பிரதேச சபைகள் சேவை வழங்க முடியாதிருந்த தடையை 2018 இல் பாராளுமன்றம் சட்டம் திருத்தித் தளர்த்தியது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் அந்த ஒரு பிரிவைத் தொட முப்பது ஆண்டுகள் சென்றன.