வழித்துணை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பங்குனித் திருநாளில் நம்பெருமாளை ஸேவிக்க ஜீயபுரத்தில் கூடியிருக்கும் பாகவதோத்தமர்களே! எங்கும் நிறைந்திருக்கும் எம்பெருமான், ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்ல இரவில் வழி நடக்கவேண்டுமோ? திருவரங்கத்தை விட்டுப் பல்லக்கில் புறப்பட்டு, காவிரி கடந்து, வழிநடை உபயங்களைக் கண்டருளி, இவ்வூர் ஆஸ்தான மண்டபத்திற்கு அவன் எழுந்தருளுவானேன்?

பேரனுக்காகக் காத்திருந்த ஒரு மூதாட்டியின் வரலாற்றை நம் பெரியோர் விடையாகச் சொல்வர். காவிரிக்குச் சென்ற பேரன் ரங்கன் வெள்ளத்தில் அகப்பட்டான். பாட்டி கலங்கி அரங்கனை அழைத்தாள். அரங்கனே பேரன் வடிவில் வந்து, அவள் இட்ட பழைய சோற்றையும் மாவடுவையும் அமுது செய்தான். உண்மைப் பேரன் கரையேறி வீடு திரும்பியதும் மறைந்தான். தனித்து நின்றவளுக்குத் துணையாக வந்தான் என்பதே இதன் ஸாரம். அந்தத் துணை எந்த வடிவில் வரும் என்பதை நாம் அறியோம். அடியேன் அறியாமற்போன ஓர் இரவை இங்கே விண்ணப்பம் செய்கிறேன்.

1994ஆம் ஆண்டு ஆவணி மாதம். பாடசாலைப் படிப்பு முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கற்றோம் என்னும் செருக்கு கற்றதைக் காட்டிலும் பெரிதாக இருந்த காலம். அடியேனுக்கு இவ்வூரில் பிறந்த நண்பர் ஒருவர் உண்டு. அவர் நம்பெருமாளுக்கு ஸ்ரீபாதந்தாங்கும் கைங்கர்யத்தில் இருந்தார். இருவரும் தலைமலைப் பெருமாளை ஸேவிக்க எண்ணினோம். ஜீயபுரத்திலிருந்து பேருந்தில் குளித்தலை சென்று, பாலம் கடந்து முசிறியை அடைந்து, அங்கிருந்து மலையடிவாரம் சேர்ந்தபோது பிற்பகலாயிற்று. தோளில் ஆளுக்கொரு மூட்டை. அதில் போர்வை, இலையில் கட்டிய புளியோதரை, செம்பில் தீர்த்தம். இரவை மலைமேல் கழித்து விடியலில் ஸேவிப்பது எங்கள் ஸங்கல்பம்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அம்மலையில் ஜனங்கள் திரளாக ஏறுவர். வழியும் தெளிவாக இருக்கும். நாங்கள் சென்றதோ அதற்கு முன். மழை பெய்து புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. உண்ணிச்செடியும் முட்புதரும் படிகளை மூடியிருந்தன. பாறைகளில் தீட்டியிருந்த திருமண் குறிகளைப் பார்த்துப் பார்த்து ஏறினோம். பாதி மலையில் இருள் சூழ்ந்தது. பிறகு குறியும் இல்லை, படியும் இல்லை.

நண்பர் நின்றுவிட்டார். "ஓய், இனி ஓரடியும் வைக்கவேண்டாம். விடியட்டும்" என்றார்.

அடியேன் கைவிளக்கை நீட்டினேன். சற்றுத் தொலைவில் பாறையொன்றில் வெண்மையாக ஏதோ தெரிந்தது. "அதோ திருமண் குறி! நேரே போகவேண்டியதுதான்" என்றேன். அவர் அசையவில்லை. அடியேனுக்குச் சினம் மூண்டது. "பல்லக்குச் சுமக்கிற உமக்கு வேதமும் தெரியாது, வழியும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. அடியேன் கையைப் பற்றி அமர்த்தினார். தம் பங்குப் புளியோதரையில் பாதியை அடியேன் இலையில் வைத்தார். அடியேனுடைய உத்தரீயத்தின் நுனியைத் தம் உத்தரீயத்தின் நுனியோடு முடிந்துகொண்டார். "நீர் உறங்கும், அடியேன் விழித்திருக்கிறேன்" என்றார். இரவில் அடியேன் புரண்டபோதெல்லாம் அந்த முடிச்சு இழுபட்டது. அவர் கை தோளைத் தொட்டது.

பொழுது புலர்ந்தது. குறியென்று அடியேன் கண்டது, எதிர்ப்பாறையில் படர்ந்திருந்த வெண்ணிறப் பாசி. அதற்கும் நாங்கள் அமர்ந்திருந்த இடத்திற்கும் நடுவே, புல் மூடிய பள்ளம் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது. நான்கடி வைத்திருந்தால் இதை எழுத அடியேன் இல்லை. படிகளோ எங்களுக்கு இடப்புறத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்தன.

"எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "தெரியாது. தெரியாததால்தான் நின்றேன். பல்லக்கில் பின் தண்டைத் தாங்குகிறவனுக்குத் தரை தெரியாது. முன்னே போகிறவன் கால் நின்றால் இவன் காலும் நிற்கவேண்டும். காரணத்தைப் பிறகு கேட்கலாம். பெருமாள் தோள்மேல் இருக்கிறாரே" என்றார் அவர்.

இப்படிப்பட்ட கால்களும் தோள்களும் அன்றோ நம்பெருமாளை நமக்கு மீட்டுத் தந்தன! 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தில் புகுந்தபோது, பிள்ளை லோகாசார்யர் முதிர்ந்த வயதில் பெருமாளைக் காடும் மலையுமாக எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சென்றார். வழியிலேயே திருநாட்டுக்கும் எழுந்தருளினார். உடன் சென்றவர்கள் காலப்போக்கில் குறைந்தனர். முடிவில் மூவரே திருமலைக் காட்டில் பெருமாளை மறைத்து வைத்துக் காத்தனர் என்று கோயிலொழுகு கூறும். 1371இல் கோபணார்யர் காலத்தில் நம்பெருமாள் ஆஸ்தானம் திரும்பும்வரை 48 ஆண்டுகள் கடந்தன. வழியே இல்லாத மலையில், விடியுமா என்று அறியாமல், பெருமாளை விட்டு நகராமல் இருந்தவர்களால் வந்த வாழ்வு இது.

திருமோகூர்க் காளமேகப் பெருமாளை நம்மாழ்வார் வழித்துணையாகப் பற்றினார். இவ்வுடல் விட்டுச் செல்லும் வழிக்கு அவனே துணை. இவ்வுலக வழியில் அத்துணையை அவன் அடியார் வடிவில் அனுப்புகிறான். அந்த அடியாரை இகழ்வது பாகவதாபசாரம். தன்னிடத்தில் செய்த பிழையைப் பொறுக்கும் எம்பெருமான், தன் அடியாரிடத்தில் செய்த பிழையைப் பொறான். அவ்வடியாரே பொறுக்கவேண்டும் என்பது நம் ஸம்ப்ரதாயம். இதைப் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அன்று சொன்ன சொல்லுக்காக அந்த நண்பரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. அவர் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். மறக்காதிருந்தால்? என்ற எண்ணம் ஒவ்வொரு பங்குனியிலும் வரும்.

முழங்கால் நோவினால் அவர் இவ்வாண்டு கைங்கர்யத்தினின்று ஓய்வு பெற்றுவிட்டார். இத்தனை ஆண்டுகள் பல்லக்கின் கீழ் வந்தவர், இம்முறை கைத்தடியுடன் ஆஸ்தான மண்டபத்தின் ஓரத்தில் நின்று ஸேவிக்கப் போகிறார். இம்மலர் தங்கள் திருக்கைகளை அடையும் வேளையில் அடியேன் அவர் முன் தண்டன் ஸமர்ப்பித்துக் கேட்கவேண்டியதைக் கேட்டிருப்பேன்.

பாகவதர்களே! பெருமாளுடன் வழி நடக்கையில், அவன் திருமுகத்தை ஸேவித்த கண்ணால் தண்டு தாங்கும் தோள்களையும் ஒருமுறை நோக்குங்கள். உடன் வருபவர் நின்றால் நில்லுங்கள். காரணத்தைப் பிறகு கேட்கலாம். யாரிடமேனும் கேட்கவேண்டிய மன்னிப்பு மிச்சமிருந்தால், அடியேனைப் போல் முப்பது பங்குனிகளைக் கடத்தவேண்டாம்.

நம்பெருமாள் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்