‘ஒத்தாசை’ என்னும் ஒரு சொல்



ஒரு வேலையை எப்போது ‘தொழில்’ என்கிறோம், எப்போது ‘ஒத்தாசை’ என்கிறோம்? கடற்கரையில் ஒருவரிடம், “உங்கள் வீட்டில் யார் தொழில் செய்கிறார்கள்?” என்று கேட்டால், “நான் கடலுக்குப் போகிறேன், வீட்டுக்காரி ஒத்தாசையாக இருக்கிறாள்” என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். இதில் பொய் இல்லை. ஆனால் நியாயம் இருக்கிறதா என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

“நாம் வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்கள். கடலைப் பற்றி நமக்கென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நம் சந்தையில் வாங்கும் கருவாடு தானாக உப்பேறிக் காய்ந்து நம் சட்டிக்கு வருவதில்லை. மேலும், கடற்கரையில் வழங்கும் அதே சொல் நம் காட்டிலும் களத்திலும் வழங்குகிறது. அயலார் வீட்டைப் பார்த்தால் நம் வீடு விளங்கும் அன்றோ?

படகு கரைக்கு வந்ததும் ஆணின் வேலை பெரும்பாலும் முடிகிறது. பெண்ணின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மீனை ஏலத்தில் எடுப்பது, தரம் பிரிப்பது, கீறி உப்பிட்டு வெயிலில் காயவைப்பது, கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாய் விற்பது, வட்டிக்கு வாங்கிய முதலைத் திருப்புவது ஆகிய யாவும் அவள் பொறுப்பு. விற்காத மீன் வெறும் நாற்றமே. அதைப் பணமாக்குகிறவள் அவள். இது தொழிலின் பாதியா, தொழிலுக்கு வெளியே நின்று செய்யும் உதவியா?

பெண் தண்ணீரில் இறங்குவதில்லை என்று எவரேனும் சொல்வாராயின், அவர் நமக்குக் கிழக்கே இராமநாதபுரம் கடற்கரையைப் பார்க்கட்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் வளரும் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். பாறை கிழிக்காதபடி விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். காலில் செருப்பைக் கட்டி, கண்ணாடி அணிந்து, இடுப்பில் பை கட்டி, மணிக்கணக்காய் உப்புநீரில் உழைக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அவற்றுக்குப் பெயர். நம் ஊர் முஸ்லிம் சகோதரர் வீடுகளில் நோன்பு காலத்தில் செய்யும் கடற்பாசி இனிப்பு இத்தகைய பாசிகளின் சத்திலிருந்து கிடைப்பதே. அந்த இனிப்பைச் சுவைத்திருக்கிறோம். அதற்குப் பின்னால் இருக்கும் கைகளை நினைத்திருக்கிறோமா?

1986-ஆம் ஆண்டு அவ்வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடலைக் காப்பது நல்ல காரியமே. ஆயினும் தலைமுறையாய்ப் பாசி எடுத்துவந்த பெண்கள் அங்கே அத்துமீறி நுழைகிறவர்கள் ஆனார்கள். அவர்கள் சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை. சங்கமாய்க் கூடினார்கள், மாதத்தில் இத்தனை நாட்கள்தான் இறங்குவது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது, பாசி வளரும் பருவத்தில் ஓய்வு கொடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவியான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி அம்மையாருக்கு, 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள ‘சீக்காலஜி’ என்னும் அமைப்பு பரிசளித்தது. கடலை அறிந்து, கடலில் இறங்கி, கடலுக்கு விதியும் வகுத்தவர்களை ‘ஒத்தாசைக்காரர்’ என்பது தகுமா?

“பெயரில் என்ன இருக்கிறது? வயிறு நிறைந்தால் போதாதா?” என்பீர்கள். பெயரில்லாதவனுக்குப் பந்தியில் இலை விழாது என்பதை மறக்கலாகாது. கணக்கெடுப்பிலும் மீன்பிடிப்போர் ஒரு பக்கம், ‘சார்புத் தொழில்’ செய்வோர் வேறு பக்கம் என்று பிரிக்கிறார்கள். பெண்களில் மிகுதியானோர் இரண்டாம் பக்கத்தில் போய்ச் சேர்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி வந்து போனபின், படகுக்கும் வலைக்கும் நஷ்டக் கணக்கு எடுத்தார்கள். மீன்காரப் பெண் இழந்த கூடைக்கும், தராசுக்கும், கைமுதலுக்கும் அப்படிக் கணக்கு உண்டா என்ற முறையீடு எழுந்தது. வேலைக்குப் பெயர் இல்லாதபோது இழப்புக்கும் பெயர் இல்லாமற் போகிறது.

உலக நாடுகளும் இதை உணரத் தொடங்கின. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2014-ஆம் ஆண்டு சிறுதொழில் மீன்பிடிப்புக்கென வகுத்த நெறிமுறைகளில், மீன் பிடிப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைகள் யாவும் மீன்தொழிலே என்று ஏற்று, ஆண் பெண் சமத்துவத்துக்குத் தனிப் பகுதியும் வைத்தது. அந்நெறிமுறைகள், சென்னையிலிருந்து மீன்தொழிலாளருக்காகப் பாடுபட்ட சந்திரிகா சர்மா என்னும் பெண்மணியின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டன. அவ்வமைப்பின் கூட்டமொன்றுக்குச் செல்லும் வழியில், 2014 மார்ச் 8-ஆம் நாள் காணாமற்போன மலேசிய விமானத்தில் இருந்தவர் அவர். சிறுதொழில் மீன்பிடிப்பில் உழைப்போரில் பத்துப் பேருக்கு நான்கு பேர் பெண்கள் என்று அதே அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவதையும் கேட்போம். “புயலில் உயிரைப் பணயம் வைப்பவன் ஆண் அல்லவா?” என்பது முதலாவது. உண்மைதான், அவன் வீரத்தை எவரும் குறைக்க வேண்டாம். ஆனால் ஆபத்து ஒன்றே உழைப்பை அளக்கும் மரக்கால் ஆகுமானால், நிலத்தில் உழுகிற நம்மில் எத்தனை பேருக்கு உழைப்பாளி என்ற பெயர் மிஞ்சும்?

“மீன் விற்ற காசு அவள் முந்தானையில்தானே முடிந்திருக்கிறது? அவளுக்கென்ன குறை?” என்பது இரண்டாவது. காசைச் சுமப்பது வேறு, அதைப் பற்றி முடிவு செய்வது வேறு. அரிசிக்கும் கடனுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் பாரம் அவளுக்கு. ஊர்க்கூட்டத்தில் பேசும் இடம் அவனுக்கு மட்டும் என்றால், அது சமத்துவம் ஆகாது.

“குடும்பத்துக்குத் தலைவன் வேண்டாமா?” என்பது மூன்றாவது. சேசுநாதர் சுவாமி தலைமையை எப்படிக் காட்டினார்? இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவியன்றோ காட்டினார்! அந்தத் தலைமையை ஏற்கிற கணவன் மனைவியின் உழைப்பை மறைக்கமாட்டான்.

வேதாகமம் இதில் மௌனமாக இல்லை. பழமொழி ஆகமத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் குணசாலியான மனைவி வீட்டுக்குள் அடைபட்டவள் அல்லள். நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். தன் சம்பாத்தியத்தில் நிலம் வாங்குகிறாள். முடிவில் ஆகமம் அவளுக்காக இரண்டு கேட்கிறது: அவள் கைகளின் பலன் அவளுக்குச் சேரவேண்டும், ஊர்ப் பெரியோர் கூடும் வாசலில் அவள் செயல்களுக்குப் புகழ் கிடைக்கவேண்டும். வெறும் புகழ்ச்சி போதாது, வெறும் கூலியும் போதாது, இரண்டும் வேண்டும். லூக்காஸ் சுவிசேஷமும், சேசுநாதரையும் அப்போஸ்தலர்களையும் தங்கள் சொந்தப் பொருளால் தாங்கிய பெண்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆண் பெண் என்ற காரணத்தால் மனிதரின் அடிப்படை உரிமையில் வேறுபாடு காட்டுவது சர்வேசுரனுடைய திட்டத்துக்கு மாறானது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் 1965-இல் அறிவித்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மிளகாய்ப் பழம் பறிப்பதும், பருத்தி எடுப்பதும், கரிமூட்டத்துக்கு விறகு சுமப்பதும், ஆட்டுக்குட்டியைப் பிள்ளை போல் வளர்ப்பதும் யார்? சம வேலைக்குச் சம கூலி என்று 1976-இல் நம் நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் கூலி உள்ள இடத்தைத்தான் எட்டும். கணவனோடு சொந்தக் காட்டில் உழைக்கிற மனைவிக்குக் கூலியும் இல்லை, முதலாளியும் இல்லை. அங்கே சட்டத்துக்கு வாசல் இல்லை. மனச்சாட்சிக்கு மட்டுமே உண்டு. ஆகையால்தான் இது பங்கு ஆலயத்தில் பேசவேண்டிய காரியம் ஆகிறது.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, மூன்று காரியங்களை இவ்வாரமே தொடங்குங்கள். “உன் மனைவி என்ன செய்கிறாள்?” என்று எவரேனும் கேட்டால், “சும்மா இருக்கிறாள்” என்றோ “ஒத்தாசை செய்கிறாள்” என்றோ சொல்லாமல், அவள் செய்யும் வேலையைப் பெயர் சொல்லிக் கூறுங்கள். ஆடு விற்குமுன், கடன் வாங்குமுன், அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். காட்டிலிருந்து இருவரும் களைத்து வரும் மாலையில், ஒரு குடம் தண்ணீரை நீங்கள் தூக்குங்கள். மகளை மட்டும் அடுப்படிக்கு அனுப்பாமல் மகனையும் அனுப்புங்கள். வெளியில் அவள் உழைப்பைச் சமம் என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பாரம் முழுவதையும் அவள் மேல் விட்டால், அது சமத்துவம் அன்று, இரட்டைச் சுமை.

தாய்மாரே, நீங்களும் ஒன்று செய்யுங்கள். “எனக்கென்ன தெரியும், நான் சும்மா கூட இருக்கிறேன்” என்று சொல்வது தாழ்ச்சி அன்று. தாழ்ச்சி உண்மையில் நிற்கும் புண்ணியம். உங்கள் கைகள் செய்ததை உள்ளபடி சொல்லுங்கள். நசரேத்தூர் வீட்டில் உழைத்த தேவமாதா, தம்மில் சர்வேசுரன் செய்த பெரிய காரியங்களை மறைக்காமல் வாய்விட்டுப் பாடினார்கள் அன்றோ?

அந்தத் தாயின் வேண்டுதலால், கடலிலும் காட்டிலும் உழைக்கும் எல்லாக் கைகளையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.