ஒப்புக்கொண்டால் நியாயமாகிவிடுமா?

மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்டக்காரர் விடிகாலையில் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆள் அமர்த்துகிறார். பிறகு காலை ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் மூன்று மணி, கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணி என்று வேலையில்லாமல் நின்றவர்களையெல்லாம் கூட்டிவருகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லோர் கையிலும் அதே ஒரு தெனாரியம். நாள் முழுக்க வெயிலில் காய்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியைத்தானே கொடுத்தேன் என்கிறார் அவர்.

கடவுளின் தாராளத்தைச் சொல்ல வந்த உவமை இது. கூலிச் சட்டம் எழுத வந்ததல்ல. ஆனாலும் இரண்டு அளவுகோல்கள் இதில் மோதுகின்றன. முதலில் வந்தவர்களுக்குப் பேச்சு கணக்கு. கடைசியில் வந்தவர்களுக்கு ஒருநாள் பிழைப்பு கணக்கு. கூலி என்பது செய்த வேலையின் விலையா, செய்தவர் உயிர்வாழ வேண்டிய தொகையா? இரு தரப்பும் சம்மதித்துவிட்டதாலேயே ஒரு தொகை நியாயமான கூலி ஆகிவிடுமா?

ஆகாது என்றார் போப் 13ஆம் லியோ. 1891இல் வெளிவந்த 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் அவர் வைத்த வாதம் எளிமையானது. உழைப்பு ஒருவருக்குச் சொந்தமானது, விருப்பப்பட்ட விலைக்கு அதை விற்கலாம் என்று மட்டும் பார்த்தால் ஒப்பந்தமே போதும். ஆனால் உழைக்காவிட்டால் அவருக்குச் சோறு இல்லை. வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்குத் தலையாட்டுகிறவர் சம்மதிக்கவில்லை, வன்முறைக்கு ஆளாகிறார். அரசு அளவுமீறித் தலையிடுவதில் லியோவுக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஒப்பந்தத்துக்கும் மேலே ஒரு நீதி இருக்கிறது என்பதில் தயக்கமில்லை.

மதச் சிந்தனையாக இருந்ததை ரூபாய் அணாக் கணக்காக மாற்றுவது யார்? 1907இல் அந்த வேலை ஆஸ்திரேலிய நீதிபதி ஹென்றி ஹிக்கின்ஸ் தலையில் விழுந்தது. மெல்போர்ன் அருகே சன்ஷைன் என்ற ஊரில் இருந்த எச்.வி. மக்கேயின் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை பற்றிய வழக்கு அது. நியாயமான கூலி கொடுத்தால் கலால் வரி விலக்கு என்றது சட்டம். நியாயமான கூலி எது என்று சொல்லவில்லை. ஹிக்கின்ஸ் தொழிலாளர் குடும்பங்களின் வீட்டுச் செலவை விசாரித்தார். வாடகை, மளிகை, விறகு எல்லாம் நீதிமன்றத்துக்கு வந்தன. மனைவி மக்களோடு சிக்கனமாக, ஆனால் மனிதராக வாழ, தொழில்திறன் தேவைப்படாத வேலை செய்பவருக்கும் நாளுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் அந்தக் கலால் சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஹிக்கின்ஸின் அளவுகோல் மட்டும் பல பத்தாண்டுகள் நின்றது. அந்தக் கணக்கில் குடும்பத் தலைவர் ஆண். பெண் உழைப்புக்குக் குறைந்த விலை போட இதே கணக்கு பிறகு சாக்கானது.

1928இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 26ஆம் உடன்படிக்கை லியோவின் வாதத்தைச் சட்டமொழியில் சொன்னது: நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைத் தனி ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது. தொழிலாளியே மனமுவந்து சொன்னாலும் முடியாது. 1970இன் 131ஆம் உடன்படிக்கை, கூலியை நிர்ணயிக்கும்போது தொழிலாளி, அவர் குடும்பம் இவர்களின் தேவையோடு நாட்டின் பொருளாதார நிலை, உற்பத்தித்திறன், வேலைவாய்ப்பு ஆகியவற்றையும் பார்க்கச் சொன்னது. முதலாளிகளையும் தொழிலாளர்களையும் கலந்துபேச வேண்டும், ஆய்வாளர்கள் போதிய அளவில் இருக்க வேண்டும் என்றும் கேட்டது. 26ஆம் உடன்படிக்கையை இந்தியா 1955இல் ஏற்றது, 131ஆம் உடன்படிக்கையை ஏற்கவில்லை.

ஆனால் தத்துவத்தை உடன்படிக்கையைவிட ஆழமாகத் தோண்டியது இந்திய உச்ச நீதிமன்றம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக தில்லியில் அரங்குகள் எழும்பியபோது கட்டடத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் கூட்டிவந்த ஜமேதார் அதில் 1 ரூபாய் கமிஷன் பிடித்துக்கொள்ள, கைக்கு வந்தது 8.25. யாரும் சங்கிலி போட்டு வேலை வாங்கவில்லையே என்று கேட்கலாம். பசியும் ஒரு சங்கிலிதான் என்ற பொருள்பட நீதிபதி பகவதி எழுதினார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய வேலை என்பது தீர்ப்பு. அடுத்த ஆண்டு ராஜஸ்தான் அரசின் வாதம் வந்தது: இது பஞ்ச நிவாரணப் பணி, முழுக்கூலி தேவையில்லை. நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலை வாங்கிவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் வைக்க முடியாது.

எதிர்வாதமும் லேசானதல்ல. கூலியை உயர்த்தினால் சிறு முதலாளி கடையை மூடுவார், இருக்கிற வேலையும் போகும் என்பார்கள். கேரள ஓட்டுத் தொழிற்சாலைகள் 1961இல் கட்டுப்படியாகாது என்றுதான் வழக்காடின. குறைந்தபட்சக் கூலி விஷயத்தில் முதலாளியின் கொடுக்கும் சக்தி பார்க்கப்படாது என்றது நீதிமன்றம். காரணம் இருக்கிறது. ஒருவர் குறைத்து வாங்கச் சம்மதித்தால் பக்கத்தில் நிற்பவரும் குறைக்க வேண்டியதுதான். ஒருவரின் சம்மதம் இன்னொருவரின் வயிற்றில் கைவைக்கிறது.

சட்டம் போட்டால் முடிந்ததா? இலங்கையின் மலையகம் பதில் சொல்லும். அங்கே இந்தியத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இலேயே, சர்வதேச உடன்படிக்கைக்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது. 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வெளியானது. ஆனால் நாளுக்குப் பறிக்க வேண்டிய தேயிலைக் கொழுந்தின் கிலோக் கணக்கு கூட்டப்பட்டதாகத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். அதாவது பாதிச் சம்பளம். தாளில் ஆயிரம் அப்படியே இருந்தது, கைக்கு வந்தது பாதியானது. நாள் கூலிக்கு அரசு தொகை சொல்லி, ஒரு நாள் வேலை எவ்வளவு என்பதை முதலாளியிடமே விட்டால் நடப்பது இதுதான்.

ஆகவே நியாயமான கூலி என்ற கேள்வி கடைசியில் சம்பளப் பதிவேட்டில்தான் வந்து நிற்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, உரிய கூலியை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. தொழிலாளியோ அவர் சார்பில் சங்கமோ மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். வழக்கு வந்தால் கூலியைக் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி.