ஈடு செய்ய வேண்டியவர் யார்?

அஸ்தினாபுரத்தில் வாழும் நமக்கு ஊரின் பெயரே ஓர் அவையை நினைவூட்டுகிறது. பாரதக் கதையில், அந்த அவை நடுவே இழிவுபடுத்தப்பட்ட பெண் ஒரு கேள்வி கேட்டாள். பெரியோரிடமிருந்து நேரான விடை வரவில்லை. அவையில் அமர்ந்திருப்பவரே தவறினால் ஈடு செய்வது யார்? இக்கேள்வி நம் காலத்திலும் எழுந்தது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிளேக் ஃபாரென்தோல்ட் மீது, அவரிடம் பணியாற்றிய பெண் ஒருவர் 2014-இல் பாலியல் தொல்லை வழக்குத் தொடுத்தார். 84,000 டாலர் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது. கொடுத்தது அரசுக் கருவூலம். மக்களுக்கோ 2017 வரை தெரியாது. குற்றத்தை மறுத்த அவர், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். 2018 ஏப்ரலில் பதவி விலகிய பின் தரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. கருவூலம் முதலில் கொடுக்கும். உறுப்பினர் 90 நாள்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும். பதவி போனாலும் கடன் போகாது.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தவறியவரின் சம்பளத்திலேயே தொகையைப் பிடிக்க வழி செய்கிறது. மறுத்தால் நிலவரி பாக்கிபோல் வசூலிக்கலாம். விசாரணைக்கு முன் சமரசம் பேசலாமாம். ஆனால் பணம் அதற்கு அடிப்படையாகக் கூடாது. மௌனத்தை விலைபேசும் பழக்கத்தை அறிந்தவர்கள் எழுதிய விதி இது!

பாதிக்கப்பட்டவருக்கு எவர் பணமானால் என்ன என்று கேட்கலாம். பஞ்சாப் காவல்துறைத் தலைவராயிருந்த கே.பி.எஸ். கில்லுக்கு எதிராக, 1988-இல் நடந்த நிகழ்ச்சிக்காக, ஆட்சிப்பணி அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் பல்லாண்டு வழக்காடினார். 2005-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. தமக்கு வந்த இழப்பீட்டை அவர் ஏற்க மறுத்தார். அவர் தேடியது தொகையை அன்று என்பது தெளிவு.

சக்கேயு வரி தண்டுவோரின் தலைவர். ஊர்ப்பணம் அவர் கையில் புரண்டது. ஆயினும் நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றபோது அவர் வரிப்பெட்டியைக் காட்டவில்லை. தம் உடைமையைக் காட்டினார். பெருஞ்செல்வருக்கு இது வெறும் கட்டணமாகிவிடாதா என்ற ஐயம் நமக்கும் உண்டு. அதனால்தான் போலும், ஈட்டைக் கணிக்கையில் தவறியவரின் வருமானத்தையும் பார்க்கச் சொல்கிறது நம் சட்டம்.

அமெரிக்காவில் மறைமாவட்டங்கள் பல, குருக்கள் இழைத்த கொடுமைகளுக்குத் திருச்சபைச் சொத்திலிருந்தே ஈடு கொடுத்தன. நம் பங்கின் நிறுவனம் ஒன்றில் அப்படியொரு தொகை கொடுக்க நேர்ந்தால், அது தவறியவரின் சம்பளத்திலிருந்து போகிறதா, அல்லது வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஞாயிறுதோறும் இடும் காணிக்கையிலிருந்து போகிறதா? பங்குப் பேரவையில் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இதுவரை கேட்டதாக நினைவில்லை.