போய்ச் சேர்வதும் திரும்பி வருவதும்

ஒரு நெடுநடை எங்கே முடிகிறது? சுலபமான கேள்வி மாதிரித்தான் தெரியும். இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ‘சவுத் டவுன்ஸ் வே’ என்றொரு நடைபாதை போகிறது. சுமார் 160 கிலோமீட்டர். பல நாள் நடந்து கடலோர ஊரை அடைகிறவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடலாம், நடை முடிந்தது. பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறிக் காவடி இறக்கும் நமக்கும் அதே கணக்குதான். இறக்கிய பிறகு வீட்டுக்கு காரில்தான் போகிறோம்.

வெள்ளி ரதத்தின் கணக்கு வேறு. 1894இல் நகரத்தார்கள் காரைக்குடியிலிருந்து தருவித்த ரதம் அது. பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து கிளம்பி வாட்டர்ஃபால் சாலைக்குப் போகும். பூசம் முடிந்த மறுநாள் அதே ரதம் கோவில் வீட்டுக்குத் திரும்பும். அதுவும் திருவிழாவில் சேர்ந்ததுதான். செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகளும் அப்படித்தான்: ஊர் திரும்புவதும் நடந்தே. மற்றவர்கள் பஸ் பிடிக்கும் இடத்தில் அவர்களுக்குப் பாதி வழிதான் ஆகியிருக்கும்.

இது வெறும் பிடிவாதமா? வேண்டுதல் சாமிக்கு, அது சந்நிதியில் நிறைவேறிவிடுகிறது. அப்புறம் எதற்கு நடக்க வேண்டும்? எனக்குத் தோன்றுவது இது. போகும்போது வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், தேங்காய், கேமரா. நடப்பவரை எல்லோரும் ஒரு படி மேலே வைக்கிறார்கள். அந்த உயரத்திலிருந்து இறங்கவும் நேரம் வேண்டும். திரும்பும் வழியில் வேடிக்கை பார்க்க அவ்வளவு பேர் நிற்க மாட்டார்கள். கால் மட்டும் அதே மாதிரி வலிக்கும். யாரும் கும்பிடாதபோதும் பொறுமை மிஞ்சுகிறதா என்பது அங்கேதான் தெரியும். நாம் நடந்த நாட்களில் கடையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர்களிடம் எந்த முகத்தோடு போய் நிற்கப் போகிறோம் என்பதும் அங்கேதான் முடிவாகும்.

நம் பேச்சுக்கு இது முன்பே தெரியும். வாசலில் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. ‘போயிட்டு வர்றேன்’தான். ‘போய்ச் சேர்ந்துட்டார்’ என்றால் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம்.

அப்படியானால் நாகப்பட்டினத்தில் ‘போயிட்டு வர்றேன்’ சொல்லிக் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, திரும்பவே முடியாமல் போன நம் தாத்தா பாட்டிகள்? அவர்களுடைய பயணம் பாதியில் நின்றதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரைக்குடியிலிருந்து வந்த ரதமும் காரைக்குடிக்குத் திரும்பவில்லை. வருஷா வருஷம் அது திரும்புவது பினாங்கு ஸ்திரீட்டுக்குத்தான். திரும்புவது என்றால் கிளம்பின மண்ணுக்கே போவது என்றில்லை. ‘வந்துட்டியா, சாப்பிட்டியா?’ என்று கேட்க ஆள் இருக்கும் வாசலுக்கு வருவது. அந்த வாசலைப் புதுசாகக் கட்டவே அவர்களில் பலருக்கு ஓர் ஆயுள் ஆனது. அந்த உழைப்பையும் நடையின் தூரத்தில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.