மலையேறும் உரிமையும் விலகிநிற்கும் அறமும்: மங்கலதேவி கண்ணகி கோட்ட வழிபாட்டை முன்வைத்து

முன்னுரை

மலையும் நீரும் தமிழர்தம் வழிபாட்டு மரபில் பிரித்துக் காணவியலாத இரு கூறுகளாகும். நிலத்தைப் பகுத்துக் கூறுமிடத்துத் தொல்காப்பியம் மலைநிலத்திற்குச் சேயோனைத் தெய்வமாகக் குறிக்கிறது. உச்சியில் தெய்வம் உறைவதாகவும், அம்மலையினின்று இழியும் அருவியும் ஆறும் அத்தெய்வத்தின் கொடையாகவும் கருதும் மனப்பாங்கு சங்க இலக்கியம் தொட்டு இன்றைய மலைக்கோயில் பயணங்கள் வரை தொடர்ந்து வருகிறது. தெய்வம் உறையும் இடத்தை நாடிச் செல்வது அடியவரின் உரிமை என்பதில் ஐயமில்லை. ஆயின், நாடிச் செல்வோரின் வரவே அவ்விடத்தின் இயல்பைச் சிதைக்குமாயின் அவ்வுரிமையின் எல்லை யாது? விலகி நிற்றலும் வழிபாட்டின் ஒரு கூறாகுமா? அவ்வாறாயின், யார் விதிக்கும் விலக்கு அறத்தின்பாற்படும்? இவ்வினாக்களைக் கேரளத்து இடுக்கி மாவட்டமும் தமிழகத்துத் தேனி மாவட்டமும் சந்திக்கும் எல்லைமலையில் அமைந்த மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை மையமாகக் கொண்டும், பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் உள்ள மல்லீசுவரன்முடி வழிபாட்டை ஒப்புநோக்கியும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கோட்டமும் ஒருநாள் வழிபாடும்

மங்கலதேவி கோட்டம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் பெரியாறு புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் அமைந்துள்ளது. சிதைந்த கற்றளிகளும் சுற்றுமதிலும் அதன் பழமைக்குச் சான்று பகர்கின்றன. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைக் காப்பியத்தின் துணைகொண்டு தாமும் நடந்து ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டில் இவ்விடத்தைச் சிலம்பு சுட்டும் கண்ணகி கோட்டமாக அடையாளம் காட்டினார். கண்ணகி ஏறிய குன்று திருச்செங்கோடே என்னும் கருத்தும் அறிஞரிடையே உண்டு. இவ்விட ஆய்வின் முடிவு எதுவாயினும் இக்கட்டுரை எழுப்பும் அறவினாவை அது மாற்றுவதன்று.

ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளொன்றில் மட்டுமே அடியவர் இக்கோட்டத்திற்கு அனுமதிக்கப்படுகின்றனர். குமுளியிலிருந்து காட்டுப்பாதை வழியே ஜீப்புகளில் செல்வோரும், கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து செங்குத்தான மலைச்சரிவில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஏறுவோரும் அன்று உச்சியில் கூடுகின்றனர். இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்கள் முன்கூட்டியே கலந்து பேசி ஏற்பாடுகளை வகுக்கின்றனர். நெகிழிப் பொருள்கள் தடைசெய்யப்படுகின்றன. இருள் கவியுமுன் யாவரும் மலையிறங்கிவிட வேண்டும். தமிழும் மலையாளமும் பேசுவோர் ஒரே நிழலில் நின்று வழிபடும் அந்நாள் கழிந்தபின், ஆண்டின் எஞ்சிய நாள்களில் அம்மலை யானைக்கும் காட்டெருமைக்கும் உரியதாகிவிடுகிறது.

காப்பியம் காட்டும் இருவகை வழிபாடு

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் மலை வழிபாட்டின் இருவேறு முறைகளை அருகருகே வைத்துக் காட்டுகிறது. முதலாவது, குன்றக் குறவர் வழிபாடு. ஒரு முலை இழந்து வேங்கை நிழலில் நின்ற பெண்ணொருத்தி கணவனோடு விண்ணேகக் கண்டவர்கள் அவர்களே. அவளைத் தம் தெய்வமாகக் கொண்டு, தம்மூரவரை அழைத்து, பறை முழக்கிக் குரவையாடினர். அவ்வழிபாட்டிற்குக் கல்லும் வேண்டியிருக்கவில்லை, கோயிலும் வேண்டியிருக்கவில்லை. கண்டவிடத்திலேயே வணங்கி, அவ்விடத்தை அவ்வாறே விட்டனர்.

இரண்டாவது, சேரன் செங்குட்டுவன் வழிபாடு. மலைவளம் காண வந்து பெரியாற்றங்கரையில் தங்கியிருந்த மன்னனுக்குக் குறவர் இச்செய்தியை உரைத்தனர். தம் நாடு அடைந்த பத்தினியைப் பரவுதல் வேண்டும் என்று தேவி வேண்மாள் கூற, படிமத்திற்குரிய கல்லை எங்கிருந்து கொணர்வது என்ற வினா எழுந்தது. பொதியிலில் கல்லெடுத்துக் காவிரியில் நீர்ப்படுத்தலும், இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீர்ப்படுத்தலும் ஆகிய இரு வழிகளும் அறிந்தோரால் கூறப்பட்டன. மலையொன்றும் ஆறொன்றும் இணையாமல் தெய்வப் படிமம் நிறைவுறுவதில்லை என்னும் கருத்து ஈண்டு நோக்கத்தக்கது. செங்குட்டுவன் இமயத்தைத் தேர்ந்தான். தேர்வுக்குக் காரணம் பத்தியன்று, தன் குடியின் வீரம் பற்றிய பெருமிதமே. விளைவாகப் பெரும்போர் நிகழ்ந்தது. தோற்ற கனகவிசயர் தலையில் கல் ஏற்றப்பட்டது.

காப்பியம் இவ்வெற்றியோடு அமையவில்லை. நடுகற் காதையில் மாடலன், யாக்கையும் செல்வமும் நிலையாமையை எடுத்துரைத்து, மறக்கள வேள்வியினின்று அறக்கள வேள்விக்குத் திரும்புமாறு மன்னனை வற்புறுத்துகிறான். மன்னனும் சிறைப்பட்டோரை விடுவிக்கிறான். தெய்வத்தை அடைவதற்கான முயற்சி பிறரை வெல்வதற்கான முயற்சியாக மாறிவிடும் இடர் காப்பியத்தின் கவனத்திற்குத் தப்பவில்லை என்பதே இதனால் பெறப்படுவதாகும். கோட்டம் எம்மாநிலத்திற்கு உரியது என்னும் வழக்கு நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் சூழலில் மாடலனின் அறிவுரை பொருள் பொதிந்ததாகிறது.

அணுகலை வேண்டுவோர் வாதம்

ஆண்டு முழுவதும் இல்லையேனும் கூடுதல் நாள்களேனும் வழிபட வாய்ப்பு வேண்டும் என்னும் கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அதற்கு மூன்று வலுவான காரணங்கள் உள்ளன.

முதலாவது, ஒருநாள் அனுமதி எளியோரையே மிகுதியும் விலக்குகிறது. முதியோர், நோயுற்றோர், அந்நாளில் கூலி இழக்கவியலாதோர் ஆகியோர்க்கு அவ்வொரு நாள் தவறினால் ஓர் ஆண்டே தவறுகிறது. இரண்டாவது, வழிபாட்டு உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் கூறு உறுதியளிக்கும் அடிப்படை உரிமையாகும். மூன்றாவதே மிகக் கூர்மையானது. அதே காப்பகத்தின் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகுகள் ஆண்டு முழுதும் இயங்குகின்றன. இன்பம் நாடி வருவோர்க்குத் திறந்த காடு, தெய்வம் நாடி வருவோர்க்கு மட்டும் மூடியிருப்பது எவ்வாறு நடுவுநிலையாகும்?

இவ்வாதங்களுக்கு, காடு அழியும் என்னும் ஒற்றை விடை போதுமானதன்று. காடு ஏன் காக்கப்பட வேண்டும் என்பதும், அக்காவலுக்கும் வழிபாட்டிற்கும் உள்ள உறவு யாது என்பதும் விளக்கப்பட வேண்டும்.

ஆறும் காடும் அடியவரும்

பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறாகும். 1895ஆம் ஆண்டில் நிறைவுற்ற முல்லைப்பெரியாறு அணையினால் அதன் நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு வைகைப் படுகையை அடைகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் அந்நீரால் பயன்பெறுகின்றன. பளியன்குடியிலிருந்து மலையேறும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர், தம் வயலுக்கு நீர் ஈந்த காட்டின் விளிம்பிலேயே நடக்கின்றார். மழையைத் தாங்கி, மண்ணில் தேக்கி, கோடையில் சிறுகச் சிறுக விடுவிப்பது சோலைக் காடும் புல்வெளியும் செய்யும் தொழிலாகும். அக்காடு குன்றின், அம்மலைத் தெய்வத்தின் கொடையெனப் போற்றப்படும் நீரும் குன்றும். எனவே காட்டின் காவல், வழிபாட்டிற்குப் புறத்தே நின்று அதைத் தடுக்கும் பிறிதொரு நோக்கமன்று, வழிபடுபொருளின் காவலேயாகும்.

இதற்கு மறுதலையான காட்சியையும் இம்மலைத்தொடரிலேயே காணலாம். பெரியாறு காப்பகத்தின் மேற்கெல்லைக்குள் அமைந்த சபரிமலை, முன்பு ஆண்டின் சில நாள்களே நடைதிறக்கப்பட்ட கோயிலாகும். இன்று ஒவ்வொரு மலையாள மாதத் தொடக்கத்திலும் திறக்கப்படுகிறது. மகரவிளக்குக் காலத்தின் பெருந்திரளைக் காடும் பம்பையாறும் தாங்கவியலாமல் தவிக்கின்றன. இடுக்கி மாவட்டத்துப் புல்மேட்டில் 2011 சனவரி 14 அன்று நிகழ்ந்த நெரிசலில் 100க்கும் மேற்பட்ட அடியவர் உயிரிழந்தனர். அவர்களுள் யாரும் தவறிழைத்தவரல்லர். யாவரும் ஒளிகாண வந்தவரே. தனித்தனியே குற்றமற்ற விருப்பங்கள் ஒன்றுதிரளும்போது பெருந்தீங்கு விளையக்கூடும் என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் உண்மையாகும். ஆகவே, ‘என் வருகையால் என்ன கேடு?’ என்று தனியொருவர் கேட்பது முறையான வினாவாகாது. ‘என்னைப் போன்றோர் யாவரும் வந்தால் மலை என்னாகும்?’ என்பதே அறநோக்கிலான வினாவாகும்.

மல்லீசுவரன்முடி: மரபினுள் அமைந்த விலகல்

விலக்கு என்பது அரசு புறத்தேயிருந்து சுமத்துவது மட்டுமன்று என்பதற்கு அட்டப்பாடி சான்றாகிறது. நீலகிரியில் தோன்றி அட்டப்பாடி வழியே பாய்ந்து மீண்டும் தமிழகம் புகும் பவானி, கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் ஒன்று. அதன் பள்ளத்தாக்கில் ஓங்கி நிற்கும் மல்லீசுவரன்முடியை அங்குள்ள பழங்குடி மக்கள் சிவலிங்கமாகவே வணங்குகின்றனர். சிவராத்திரியன்று பெருந்திரள் மலையடியில் கூடுகிறது. முறைப்படி நோன்பிருந்த பழங்குடியினர் சிலர் மட்டுமே முடியேறி விளக்கேற்றுகின்றனர். ஏனையோர் கீழேயிருந்து அவ்வொளியைக் கண்டு தொழுகின்றனர்.

இம்முறையில் ஏறாதோர் குறையுற்றவராகக் கருதப்படுவதில்லை. அண்ணாந்து நோக்குதலே அவர்தம் வழிபாடு. உச்சியை மிதிக்காமையே உச்சிக்குச் செய்யும் சிறப்பு. ஏறுவோரும் தமக்காக ஏறுபவரல்லர். அனைவர் சார்பிலும் ஏறுகின்றனர். அணுகலும் விலகலும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் இருபணிகளாக இங்கு விளங்குகின்றன.

எனினும், இவ்வொப்புமையை வரம்பின்றி நீட்டலாகாது. மல்லீசுவரன்முடியின் விலகல் வழிபடுவோர் தாமே ஏற்ற நோன்பு; மங்கலதேவியின் விலக்கு அரசாணை. நோன்பு உள்ளத்தை உயர்த்தும். ஆணை உள்ளத்தில் கசப்பை விளைத்தலும் கூடும். அன்றியும், மரபு என்னும் பெயரால் பிறப்பைக் காட்டி மக்களைக் கோயில் வாயிலில் தடுத்த வரலாறும் இந்நிலத்திற்கு உண்டு. திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டின் கோயில் நுழைவுப் பறைசாற்றலே அத்தடையை நீக்கியது. எனவே, விலகலைப் போற்றும் எவ்வாதமும், அவ்விலகல் யார்மேல் சுமத்தப்படுகிறது என்பதற்கும் விடை கூறியாக வேண்டும்.

விலக்கு அறமாதற்குரிய நிபந்தனைகள்

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று நிபந்தனைகளை வகுக்கலாம்.

ஒன்று, பொதுமை. விலக்கு அனைவர்க்கும் ஒத்ததாக இருத்தல் வேண்டும். அடியவரைத் தடுத்துவிட்டுச் சுற்றுலாவை வரம்பின்றி விரிக்கும் காவல், காவலன்று, வாணிகமே. ஏரிப்படகு செல்லும் இடமும் காப்பகத்தின் உள்ளகமான மலையுச்சியும் சூழலியல் நோக்கில் ஒன்றல்ல என்று விடை கூறலாம். அவ்விடை உண்மையே எனினும், அவ்வேறுபாடு அடியவர்க்கு அவர்தம் மொழியில் எடுத்துரைக்கப்பட வேண்டும்.

இரண்டு, பேணுதல். மக்களை விலக்கி வைப்போர், விலக்கிய இடத்தைப் பேணும் கடமையையும் ஏற்றவராவர். கற்றளிகள் சரிந்து கிடக்க, வாயிலை மட்டும் காப்பது விலக்கன்று, புறக்கணிப்பே. காட்டிற்கு ஊறின்றிக் கட்டடத்தைச் செப்பனிடுதல் இயலாத செயலன்று. இப்பணியை உரிமை வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கச் செய்வதே கோட்டத்திற்கு இழைக்கப்படும் பெருந்தீங்காகும்.

மூன்று, பங்கேற்பு. விலக்கினால் இழப்புறுவோர் காவலில் பங்குபெறுதல் வேண்டும். இக்காப்பகமே இதற்கு முன்மாதிரியையும் தருகிறது. முன்னர்க் காட்டுக் கறுவாப்பட்டையைக் களவாக உரித்து வாழ்ந்தவர்கள் 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாக அமைக்கப்பட்டு, காட்டின் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். தடுக்கப்பட்டவர் காவலராகும்போது ஆணை நோன்பாக உருமாறுகிறது. மலையடிவாரத்துப் பளியர்க்கும் ஆண்டுதோறும் மலையேறும் அடியவர்க்கும் இத்தகைய பங்கு அளிக்கப்படின், ஒருநாள் வழிபாடு பிறர் விதித்த எல்லையாக அன்றி, அவர்தாமே காக்கும் எல்லையாக அமையும்.

நிறைவுரை

கண்ணகி மதுரையை எரித்தபோதும், அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவி ஆகியோரைத் தவிர்க்குமாறு தீக்கடவுளுக்கு ஆணையிட்டதாகக் காப்பியம் கூறுகிறது. அளவிறந்த சினத்திலும் அளவு கண்ட பெண்ணே தெய்வமானாள். அவளை வழிபடுவோர் தம் அன்பிற்கும் ஓர் அளவு காண்பது அவ்வழிபாட்டிற்கு முரணன்று, அதன் தொடர்ச்சியேயாகும். மலையேறும் உரிமை மறுக்கவியலாதது. அவ்வுரிமையைத் தாமே வரையறுத்துக் கொள்ளும்போது அது அறமாகிறது. அவ்வாறு வரையறுத்துக் கொள்ளுமாறு அடியவரை வேண்டும் அரசுகள், கோட்டத்தின் கற்களையும் காட்டின் மரங்களையும் ஒருங்கே பேணிக்காட்டும் கடப்பாடுடையன. இருமாநிலங்களும் எல்லைக் கோட்டை மறந்து கூடும் சித்திரை முழுநிலவு நாளின் இசைவு, எஞ்சிய நாள்களின் காவலுக்கும் நீளுமாயின், வேங்கை நிழலில் குறவர் செய்த முதல் வழிபாட்டின் எளிமை அம்மலைக்கு மீளும்.